அச்சேறாத வசைப்பாட்டுக்கும் பாடத்தில் இடம் கொடுங்கள்

ஆங்கில இலக்கிய இளங்கலை, முதுகலைப் பாடத்திட்டங்களை வகுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பதினேழாம் நூற்றாண்டின் அரசியல் அங்கதம் என்றாலே நம் பாடத்திட்டங்களில் கவிஞர் ஜான் டிரைடன்தான். 1681 நவம்பரில் வெளிவந்த அவருடைய ‘அப்சலோமும் அக்கிட்டஃபெலும்’ என்ற கவிதை, அதைத் தாண்டினால் கவிஞர் அலெக்சாண்டர் போப். இரண்டையும் மாணவர்கள் படிக்கத்தான் வேண்டும். அவற்றை எடுத்துவிடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. ஆனால் அவற்றோடு நின்றுவிடும் மாணவர், அங்கதம் என்றால் அச்சுப் புத்தகத்தில் வருவது, அதற்கு ஓர் ஆசிரியர் இருப்பார், அவர் எழுதிய மாறாத ஒரே வடிவம் இருக்கும் என்று நம்பிக்கொண்டு போகிறார். டிரைடனுக்கு முந்தைய எண்பது ஆண்டுகளில் இங்கிலாந்தில் வாய்க்கு வாய், கைக்குக் கை ஓடிய அரசியல் கவிதையின் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. அது தாளில் கையால் எழுதிப் பரவியது. எழுதியவர் பெயர் இருக்காது; இருந்தாலும் நம்ப முடியாது. படியெடுத்தவர் ஒவ்வொருவரும் ஒரு வரியைக் கூட்டினார்கள், ஒரு பெயரை மாற்றினார்கள். அன்றைய சட்டமும் மக்களும் அதை ‘லைபல்’ என்றார்கள். நாம் வசைப்பாட்டு என்று சொல்லலாம்.

எங்கள் கோரிக்கை சிறியது. பிரிட்டிஷ் கவிதைத் தாளில் எட்டு வகுப்பு நேரத்தை ஒதுக்கி, இப்படிக் கையெழுத்தில் பரவிய வசைப்பாட்டுகள் மூன்றைச் சேருங்கள். ஏன் சேர்க்க வேண்டும், எப்படி நடத்தலாம், எங்கே பிசகும் என்பதை எழுதுகிறோம்.

டிரைடனிடமிருந்தே தொடங்கலாம். 1679 டிசம்பர் 18 இரவு, கோவென்ட் கார்டன் பக்கத்து ரோஸ் சந்தில் அடியாட்கள் அவரை மறித்து அடித்துப் போட்டார்கள். அடித்தவர்களைக் காட்டிக்கொடுத்தால் 50 பவுண்டு என்று ‘லண்டன் கெஜட்’ இதழில் அறிவிப்பு வந்தது. யாரும் அகப்படவில்லை. அடிக்குக் காரணம் என்று அன்று ஊரே நம்பியது, சில வாரங்களாகக் கைப்படியில் சுற்றிவந்த ‘அங்கதம் பற்றி ஒரு கட்டுரை’ என்ற செய்யுளை. அரசரின் காதலிகளையும் அரசவைப் பிரபுக்களையும் பெயர் சொல்லிக் கிழித்த செய்யுள் அது. எழுதியவர் மல்கிரேவ் பிரபு. பழி விழுந்தது டிரைடன் தலையில். நாம் அச்சுக் கவிஞராகப் பாடம் நடத்தும் ஒருவர், அச்சேறாத, தான் எழுதாத ஒரு கவிதைக்காக உதை வாங்கியிருக்கிறார். இந்த ஒரு நிகழ்ச்சியை விளக்கவே கைப்படி உலகம் தேவைப்படுகிறது. கைப்படியில் ஆசிரியர் பெயர் என்பது வதந்தி. அந்த வதந்திக்கு எலும்பை முறிக்கும் வலு இருந்தது.

அச்சுக்கு வெளியே இவ்வளவு கவிதை ஓடியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் 1599ஆம் ஆண்டின் ஆயர்கள் தடை. ஜூன் 1 அன்று கேன்டர்பரி பேராயர் ஜான் விட்கிஃப்டும் லண்டன் ஆயர் ரிச்சர்ட் பான்கிராஃப்டும் சேர்ந்து, அச்சுத் தொழிலைக் கையில் வைத்திருந்த ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு ஓர் ஆணை அனுப்பினார்கள். இனிமேல் அங்கதமோ, எபிகிராம் எனப்படும் குத்தலான குறுங்கவிதையோ அச்சிடக் கூடாது. நாஷ், ஹார்வி என்ற இரு எழுத்தாளர்களின் நூல்களும் எங்கிருந்தாலும் பறிமுதல். ஜூன் 4 அன்று கம்பெனி மண்டபத்திலேயே நூல்கள் எரிந்தன. மார்ஸ்டன், கில்பின் ஆகியோரின் அங்கதங்களும், மார்லோவின் ஓவிட் மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கட்டியிருந்த ஜான் டேவிஸின் எபிகிராம்களும் அதில் போயின. ஜோசப் ஹாலின் நூல் பட்டியலில் இருந்தும் தப்பியது. அந்த ஹால் பிற்காலத்தில் தாமே ஆயரானார்.

இதை நடத்தும்போது ஒரு பிழை நேர்கிறது. தடை வந்தது, அதனால் அங்கதம் கையெழுத்துக்குப் போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. அமைச்சரையும் ஆயரையும் பெயர் சொல்லித் திட்டும் பாட்டு 1599க்கு முன்பும் தாளில்தான் திரிந்தது. எரிந்த நூல்கள் பெரும்பாலும் ரோமானியக் கவிஞர்களைப் பின்பற்றி ஊர் ஒழுக்கத்தைச் சாடியவை, பெயர் சொல்லாதவை. அந்த வகை அங்கதம் சில ஆண்டுகளிலேயே அச்சுக்குத் திரும்பிவிட்டது. பெயர் சொல்லும் வசைக்கு அச்சில் எப்போதுமே இடமில்லை. மாணவர் இந்த இரண்டையும் பிரித்து அறிய வேண்டும்.

தடை போட்ட விட்கிஃப்ட் 1604 பிப்ரவரியில் இறந்தார். இறுதிச் சடங்கின்போது அவர் சவ மேடையிலேயே ஒரு வசைப்பாட்டைக் குத்திவைத்தார்கள். செய்தவர் லூயிஸ் பிக்கரிங், நார்த்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த, திருச்சபையைச் சீர்திருத்தக் கோரிய பியூரிட்டன் பிரிவுக் கனவான். 1605இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் அவர்மீது நடந்த வழக்கிலிருந்துதான் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் எழுதிவைத்த புகழ்பெற்ற அவதூறுச் சட்ட விளக்கம் பிறந்தது. அந்த விளக்கம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மாணவர் கையில் கொடுக்கத் தகுந்தது. சொன்னது உண்மையா பொய்யா என்பது கேள்வியே அல்ல. திட்டப்பட்டவர் உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பதும் பொருட்டல்ல. தனியாள் மீதான வசைத்தாள் தெருவில் கிடைத்தால் எரித்துவிடலாம், அல்லது அதிகாரியிடம் கொடுக்கலாம். அரசு அதிகாரத்தில் இருப்பவர் மீதானது என்றால் எரிக்கக் கூடாது. உடனே அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், எழுதியவரைத் தேடிப் பிடிக்க அதுதான் தடயம். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு வழக்கில் எல்லை இன்னும் கூர்மையானது. வசை என்று தெரியாமல் படித்தால் குற்றமில்லை. பிறர் படிக்கக் காதில் விழுந்தால் குற்றமில்லை. தெரிந்த பின் அதில் ஒரு பகுதியையேனும் பிறர் கேட்கத் திரும்பச் சொன்னால் குற்றம். படியெடுத்து வைத்துக்கொண்டால், வெளியிட்டதற்கு அதுவே வலுவான சாட்சியாகிவிடும்.

வகுப்பில் இதைக் கேள்வியாகவே போடலாம். சாராயக் கடையில் ஒருவர் படிக்கிறார், ஐவர் கேட்கிறார்கள், ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதுகிறார், மறுநாள் அதை மைத்துனருக்கு அனுப்புகிறார். யார் யார் குற்றவாளி? அரை மணி நேரம் வாதாடிய மாணவருக்கு, இந்தக் கவிதைகள் ஏன் ஆசிரியர் பெயரின்றி இருக்கின்றன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அடுத்து, தாளும் மையும். இதைத் தவிர்த்துவிட்டு ‘கையெழுத்துப் பண்பாடு’ என்று கரும்பலகையில் எழுதிவைப்பதால் பயனில்லை. அக்கால மை எல்லா வீட்டிலும் செய்யக்கூடியது. 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பயிற்சி நூல் ஒன்று அளவைச் செய்யுளாகவே தருகிறது: ஒரு குவார்ட் திராட்சை மது, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டு அவுன்ஸ் பிசின், ஐந்து அவுன்ஸ் மாசிக்காய், மூன்று அவுன்ஸ் அன்னபேதி. மது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர். மை கெட்டியானால் காடி சேர்க்க வேண்டும், தண்ணீர் விட்டால் நிறம் மங்கும். நாள்பட வைத்திருந்தால் இன்னும் நன்றாகும். நம் கணக்கில் மாசிக்காய் சுமார் 140 கிராம், அன்னபேதி 85 கிராம், வேலம்பிசின் 57 கிராம். மாசிக்காயும் அன்னபேதியும் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. கால் அளவில் செய்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம். அன்னபேதி கூடிவிட்டால் மை தாளைத் தின்னும். அக்காலத் தொகுப்பேடுகள் பலவற்றில் எழுத்து இருந்த இடம் பழுப்பேறி ஓட்டையாகியிருப்பது இதனால்தான். எழுதும்போது மை வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுத்தான் கறுக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மாணவர்கள் மை சரியில்லை என்று மேலும் மேலும் அன்னபேதியைக் கொட்டுவார்கள்.

தாள் ஒன்றை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம். முப்பது வரிப் பாட்டு ஒரு பக்கத்தில் அடங்கும். இன்னொரு மடிப்பில் சட்டைப்பைக்குள் போகும். அந்தத் தாள் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் நடைக்கூடத்தில் கைமாறும், சட்டம் பயிலும் இன்ஸ் ஆஃப் கோர்ட் விடுதிகளில் படியாகும், வாராந்தரச் சுமை வண்டிக்காரர் கொண்டுபோகும் கடிதத்துக்குள் புகுந்து மாகாணத்துக்குப் போகும். சஃபோக்கில் சாண்டன் டவுன்ஹாம் என்ற சிற்றூரின் பாதிரியார் ஜான் ரவுஸ் 1625 முதல் 1642 வரை எழுதிய நாட்குறிப்பில் இந்த வசைகள் வரிசையாக விழுகின்றன. செஷயரில் வில்லியம் டேவன்போர்ட் என்ற நிலக்கிழாரும் இதே வேலையைச் செய்தார். லண்டன் அரசவையை அவர்கள் அறிந்த வழிகளில் இந்தப் பாட்டுத்தாளும் ஒன்று.

எழுதத் தெரியாதவர்களும் இதற்கு வெளியே இல்லை. பாட்டை வாயால் கட்டி, பள்ளி ஆசிரியரையோ எழுத்தரையோ எழுதவைத்து, ஊரறிந்த மெட்டில் பாடினார்கள். திட்டப்பட்டவர் ஸ்டார் சேம்பரில் வழக்குப் போட்டால் அந்தப் பாட்டை மனுவில் சேர்க்க வேண்டும். ஊர்ப்புற வசைப்பாட்டு இன்று நமக்குக் கிடைப்பதே பெரும்பாலும் இப்படித்தான்: அழிக்கக் கேட்டவரின் மனுவிலிருந்து.

எந்த மூன்று பாட்டு என்ற கேள்விக்கு வருகிறோம். 1628ஆம் ஆண்டின் பக்கிங்ஹாம் கோமகன் வசைகளிலிருந்து ஒன்று கட்டாயம் வேண்டும். ஜார்ஜ் வில்லியர்ஸ், முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்லஸ் ஆகிய இரண்டு அரசர்களுக்கும் உயிர்த் தோழர். போர்த் தோல்விகளுக்கும் வரிகளுக்கும் நாடே அவரைத்தான் காரணம் சொன்னது. அந்த ஆண்டு ஜூன் 13 அன்று அவருடைய ஆள் என்று பெயரெடுத்த மந்திரவாதி டாக்டர் லேம், நாடகக் கொட்டகையிலிருந்து திரும்பும்போது லண்டன் கும்பலிடம் அடிபட்டு மறுநாள் இறந்தார். சார்லஸும் ஜார்ஜும் என்ன செய்தாலும் செய்யட்டும், டாக்டர் லேம் போலத்தான் ஜார்ஜ் சாவார் என்று ஈரடி ஒன்று ஊரெங்கும் ஓடியது. கோல்மன் தெருக் கம்பம் ஒன்றில் ஒட்டியிருந்த தாளைக் காவலர் பெயர்த்து மேயரிடம் கொண்டுபோனார். அதில் இருந்தது கேள்வி பதில்: நாட்டை ஆள்வது யார்? அரசர். அரசரை ஆள்வது? கோமகன். கோமகனை ஆள்வது? பிசாசு. ஆகஸ்ட் 23 அன்று போர்ட்ஸ்மத்தில் ஜான் ஃபெல்டன் என்ற படை அதிகாரி, டவர் ஹில்லில் பத்துப் பென்னிக்கு வாங்கிய கத்தியால் கோமகனைக் குத்திக் கொன்றார்.

இந்தக் குவியலில் பாடமாக வைக்க நாங்கள் பரிந்துரைப்பது ஓர் ஈரடி. அதன் மேலே கோமகனின் பெயர் லத்தீனில், பெரிய எழுத்துகளில்: ஜியோர்ஜியுஸ் துக்ஸ் புக்கிங்காமியே. லத்தீனில் யு ஒலிக்கும் வி ஒலிக்கும் ஒரே எழுத்து, அது வி. இந்தப் பெயரில் ரோமானிய எண்ணாகவும் நிற்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்குங்கள். முதல் சொல்லில் ஐ, வி. இரண்டாவதில் டி, வி, எக்ஸ். மூன்றாவதில் வி, சி, ஐ, எம், ஐ. எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எக்ஸ் பத்து, மூன்று வி பதினைந்து, மூன்று ஐ மூன்று. கூட்டினால் 1628. கீழே உள்ள ஈரடி, உன் பெயரின் எண் இந்த ஆண்டோடு ஒத்துப்போகிறது, இருபத்தொன்பதை நீ காணாதிருக்க இறைவன் அருளட்டும் என்கிறது.

இந்தச் சிறிய தாளில் பாடம் நிறைய இருக்கிறது. கணக்கு நிற்பது எழுத்துக்கூட்டலில். படியெடுப்பவர் வி இருக்குமிடத்தில் யு போட்டுவிட்டால் பதினைந்து போய்விடும். ஒரு ஐக்குப் பதில் ஒய் எழுதினால் ஒன்று குறையும். நடுவில் ஹெச் சேர்த்தால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதற்கு எண்மதிப்பு இல்லை. துக்ஸ் என்ற பட்டத்தை விட்டுவிட்டால் 515 காணாமல் போகும். பட்டம் இருந்தால்தான் பெயரில் தீர்ப்பு தெரிகிறது. மாணவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று எழுத்துக்கூட்டலை இன்றைய வழக்குக்கு மாற்றிய பதிப்பை வாங்கி வகுப்பில் வைத்தால், பாட்டு அங்கேயே செத்துவிடும். பழைய எழுத்துக்கூட்டல் உள்ள பதிப்பைக் கேட்கிறோம் என்றால் காரணம் இதுதான். ஆண்டுக்கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆகவே அந்த ஈரடியின் ‘இருபத்தொன்பது’ தொடங்குவது நம் கணக்கில் 1629 மார்ச் இறுதியில். ஜனவரி முதல் மார்ச் வரை தேதியிட்ட எந்தப் பாட்டையும் ஓராண்டு தள்ளி வைத்துவிடும் பிழை வழிகாட்டி நூல்களில் மலிந்து கிடக்கிறது.

கொலைக்குப் பின் ஃபெல்டனைப் புகழ்ந்தும் பாட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றி அக்டோபர் 26 அன்று அட்டர்னி ஜெனரல் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தவர் வேறு யாருமல்லர், பென் ஜான்சன். வெஸ்ட்மின்ஸ்டரில் ராபர்ட் காட்டன் வீட்டில் விருந்து முடிந்ததும் மேசைமேல் அந்தத் தாள் கிடந்ததைப் பார்த்தேன், நான் எழுதவில்லை, சூச் டவுன்லி எழுதியதாகச் சொல்லக் கேட்டேன் என்றார். டவுன்லிக்குத் தம் இடுப்பிலிருந்த வெள்ளைப் பிடிக் கத்தியைப் பரிசாகக் கொடுத்ததையும் அவரே சொல்ல நேர்ந்தது. டவுன்லி கடல் கடந்து தப்பினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபெல்டனின் நலனுக்காகக் கோப்பை உயர்த்தியதாக அகப்பட்ட அலெக்சாண்டர் கில், மில்டனுக்கு நண்பர். அவருக்கு 2000 பவுண்டு அபராதம், ஒரு காது லண்டனிலும் மறுகாது ஆக்ஸ்ஃபோர்டிலும் அறுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பு. தந்தை மன்றாடிக் காதுகள் தப்பின. ஜான்சனின் நாடகத்தையும் மில்டனின் காவியத்தையும் நாம் நடத்துகிறோம். அவர்கள் உட்கார்ந்திருந்த மேசையில் கிடந்த தாளை மட்டும் நடத்துவதில்லை.

இரண்டாவது பாட்டைச் சொல்லும்போது குழுவில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1607 மார்ச் 4 அன்று மக்களவையில், மேலவையிலிருந்து வந்த செய்தி வாசிக்கப்படும்போது ஹென்றி லட்லோ என்ற உறுப்பினரிடமிருந்து சத்தமாக வாயு பிரிந்தது. ஸ்காட்லாந்தோடு இணைப்பு பற்றிய கடும் சர்ச்சை நடந்துகொண்டிருந்த நேரம். அதையொட்டி எழுந்த ‘நாடாளுமன்றக் குசு’ பாட்டு அந்த நூற்றாண்டில் மிக அதிகமாகப் படியெடுக்கப்பட்ட அரசியல் பாட்டுகளில் ஒன்று. கட்டமைப்பு எளியது: ஓர் உறுப்பினர் பெயர், அந்தச் சத்தத்துக்கு அவர் சொன்னதாக ஒரு கருத்து, ஓர் எதுகை, முடிந்தது. அடுத்த ஈரடியில் அடுத்த உறுப்பினர். இப்படிப்பட்ட பாட்டுக்கு முடிவு கிடையாது. யாரும் தமக்குப் பிடிக்காத உறுப்பினரை நுழைக்கலாம், மறந்துபோனவரை நீக்கலாம். சில படிகளில் நாற்பது ஐம்பது வரி, சிலவற்றில் இருநூறுக்கும் மேல். ‘மூலப்பாடம் எது’ என்ற கேள்வி பொருளற்றுப் போகும் இடத்தை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஹோஸ்கின்ஸ் முதலான வழக்கறிஞர் நண்பர்கள் சேர்ந்து இட்டுக்கட்டியது என்று சில படிகளே சொல்கின்றன. அவையில் யார் எந்தப் பேச்சுநடைக்குப் பெயர்போனவர், யார் சட்டம் பேசுவார், யார் வேதம் பேசுவார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும் ஆவணமும் இதுவே. சொல் கூச்சத்துக்காக இதை விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, அரசர் எழுதியது. 1620 டிசம்பரிலும் 1621 ஜூலையிலும், அரசு விவகாரங்களைப் பற்றி யாரும் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்று ஜேம்ஸ் பிரகடனம் வெளியிட்டார். பேச்சு நிற்கவில்லை. 1622-23 குளிர்காலத்தில் மக்களின் கண்ணீர் என்று ஒரு வசை சுற்றியது. அது இன்று கிடைக்கவில்லை. கிடைப்பது அதற்கு அரசரே செய்யுளில் எழுதிய பதில். அழுகையை நிறுத்துங்கள், அரச காரியம் உங்கள் அறிவுக்கு எட்டாதது என்று கடிந்துகொள்கிறது. அச்சகம் முழுவதும் தம் ஆணைக்குள் இருந்தும் ஜேம்ஸ் இதை அச்சிடவில்லை. எதிரியின் பாட்டு போன வழியிலேயே, கைப்படியாகவே, தம் பாட்டையும் அனுப்பினார். குடிகள் அரசியலைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்வதற்காக, அவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கே அரசர் இறங்கிவந்து வாதாடுகிறார். டிரைடன் 1681இல் அரசர் பக்கம் நின்று எழுதிய கவிதைக்கு இது மூத்த உறவு. இரண்டையும் அடுத்தடுத்த வகுப்பில் வைத்தால் டிரைடனும் தெளிவாவார்.

இனி நடத்தும் முறை. எட்டு மணியில் முதல் மணி தடைக்கும் சட்டத்துக்கும். இரண்டும் மூன்றும் பக்கிங்ஹாம் தாள்களுக்கு. நான்கும் ஐந்தும் படியெடுப்புக்கு; இதற்கு அதிக நேரம் கேட்பதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வரிப் பாட்டு ஒன்றை முதல் மாணவரிடம் கொடுங்கள். அவர் நான்கு நிமிடத்தில் படியெடுத்து மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவருக்குப் போவது அவர் எழுதிய படி மட்டும். இப்படி ஆறு கை. இணையாக இன்னொரு சங்கிலி, அதில் படி எடுப்பதில்லை. ஒருவர் இரண்டு முறை வாசிக்க, அடுத்தவர் கேட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். கடைசிப் படிகளை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பார்த்தெழுதிய சங்கிலியில், ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கிடையே கண் தாவி நடுவரி விழுந்திருக்கும். கேட்டெழுதியதில் எதுகை நிற்கும், மற்றவை கரையும். இரண்டிலும் நேர்வது, தெரியாத பெயர் தெரிந்த பெயராக மாறுவது. உண்மையான ஏடுகளிலும் இதேதான்: லண்டனில் எழுதிய பாட்டில் வரும் சிறு அதிகாரி ஒருவர், மாகாணப் படியில் ஊரறிந்த பிரபுவாக மாறிவிடுவார். இந்தப் பயிற்சி கெடுவது ஒரே இடத்தில்தான். தேர்வுப் பழக்கத்தில் மாணவர்கள் அச்சுப்போல எழுத முயன்று நேரம் போதவில்லை என்பார்கள். நேரத்தைக் கூட்டாதீர்கள். அவசரம்தான் பாடம்.

அக்கால ‘செக்ரட்டரி’ கையெழுத்தைப் படிக்கக் கற்பிப்பது இன்னொரு ஆசை. ஒரு பக்கப் படத்தைக் காட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதில் இ எழுத்து திரும்பி நிற்கும், சி எழுத்து நமக்கு ஆர் போலத் தெரியும், ஹெச் கோட்டுக்குக் கீழே வளைந்து இறங்கும். இதைத் தேர்வுக்கு வைத்தால் மாணவர்கள் எழுத்தோடு மல்லாடிப் பாட்டை விட்டுவிடுவார்கள்.

ஆறாம் மணி மெட்டுக்கு. 1627இல் ஸ்டெயின்ஸ் ஊர் பிடில்காரர்கள் பக்கிங்ஹாமைப் பழித்துப் பாடியதற்காக ஸ்டார் சேம்பருக்கு இழுக்கப்பட்டார்கள். பாட்டு வாசிக்க மட்டும் எழுதப்பட்டதல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. எட்டு, ஆறு, எட்டு, ஆறு அசையாக ஓடும் பாட்டு ஒன்றைத் தேர்ந்து, அந்த அளவுக்குப் பொருந்தும் ஏதாவது பழைய பாலட் மெட்டில் வகுப்பையே பாடவிடுங்கள். மும்முறை பாடியதும் பாதி வகுப்புக்கு மனப்பாடமாகியிருக்கும். அதிகாரம் பாடகரைப் பார்த்து ஏன் பயந்தது என்பது அப்போது புரியும்.

ஏழாம் மணி 1660க்குப் பிறகான காலத்துக்குப் போதும். 1641இல் ஸ்டார் சேம்பர் ஒழிந்து அச்சு வெள்ளம் வந்த பிறகும் கைப்படி நிற்கவில்லை என்பதே அங்கு சொல்ல வேண்டியது. 990 வரி கொண்ட, கவிஞர் ஆண்ட்ரூ மார்வெலின் ‘ஓவியனுக்குக் கடைசி அறிவுரைகள்’ 1667இல் எழுதப்பட்டு 1689 வரை அச்சைக் காணவில்லை. கேப்டன் ராபர்ட் ஜூலியன் என்பவர் வசைகளைப் படியெடுத்துக் காப்பிக் கடைகளில் விற்பதையே தொழிலாக்கி, 1684இல் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார்.

எட்டாம் மணியை நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். இந்தப் பாட்டுகள் எல்லாம் சுதந்திரக் குரல்கள் என்று சொல்லிக்கொடுத்தால் அது பொய். 1612இல் அரசரின் முதன்மை அமைச்சர் ராபர்ட் செசில் இறந்தபோது வந்த வசைகள் அவருடைய கூன்முதுகைத்தான் குறிவைத்தன. சிறையில் நஞ்சூட்டப்பட்ட தாமஸ் ஓவர்பரியின் கொலை விவகாரத்தில், குற்றவாளியான பிரபுவின் மனைவி ஃபிரான்சஸ் ஹோவர்ட் மீது கொட்டிய பாட்டுகளில் கொலையைவிட அவர் பெண் என்பதே பெரிய குற்றம். ஸ்காட்லாந்தியர், ஸ்பானியர், கத்தோலிக்கர் மீதான வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் உண்டு. அதை வெட்டிவிட்டு நல்ல வரிகளை மட்டும் கொடுத்தாலும் பொய்தான். அக்காலத்தவரே இதில் தடுமாறினார்கள். செசில் வசைகளைப் படித்த கவிஞர் ஜான் டன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருப்பவரை வசைபாடுவது சில நேரம் நாட்டுக்குச் செய்யும் நற்பணியாகலாம் என்று ஒப்புக்கொள்கிறார். இறந்தவரை ஏசுவதை அவரால் ஏற்க முடியவில்லை. பாதிரியார் ரவுஸ், இந்த ஏச்சுப் பாட்டுகளை நான் வெறுக்கிறேன், ஆனாலும் காலத்தின் சான்றாக வைத்துக்கொள்கிறேன் என்று ஈரடியாகவே எழுதிவைத்தார். இந்த இருவரையும் முன்வைத்து மாணவரைப் பேசவிடுங்கள். முடிவை நீங்கள் சொல்ல வேண்டாம்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். அலஸ்டேர் பெலானி, ஆண்ட்ரூ மெக்ரே இருவரும் பதிப்பித்து 2005இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட ஸ்டூவர்ட் கால வசைத் தொகுப்பில் 350க்கும் மேற்பட்ட பாட்டுகள் குறிப்புகளோடு உள்ளன. நாங்கள் சொன்ன மூன்றுக்கும் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

தேர்வில் ‘திறனாய்வு செய்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இந்த எட்டு மணியும் வழிகாட்டிப் புத்தகத்தின் இரண்டு பக்கமாகச் சுருங்கிவிடும். ஒரே பாட்டின் இரண்டு படிகளை, படிக்குப் பத்து வரியாகக் கொடுங்கள். எந்த வரி பிறகு சேர்ந்தது, எந்தப் பெயர் மாறியது, மாற்றியவர் எங்கே இருந்து எழுதியிருப்பார், காரணம் என்ன என்று கேளுங்கள். பதினைந்து மதிப்பெண். காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள், சரியான விடைக்கு அல்ல. பல இடங்களில் சரியான விடை என்று ஒன்று கிடையாது. இத்தகைய வினாக்கள் பத்தை, விடைக்குறிப்புடன், உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கிலக் கவிதை கற்பிப்போர் சிலர்